முதலில் பாலம், பிறகு பயணம்: வாசகர் கேள்வி–பதில்

நெடுந்தூர சைக்கிள் பயணம் குறித்து வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு திசைகளில் தொடங்கினாலும், ஆற்றின் குறுக்கே நிற்கும் பெரிய பாலத்தில்தான் வந்து முடிகின்றன. எனவே இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கருத்துள்ள கேள்விகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: 50 கிலோமீட்டர் வரை சிரமமில்லாமல் ஓட்டிப் பழகியிருக்கிறேன். அடுத்ததாக ஒரே நாளில் 120 கிலோமீட்டர் போய்வர விரும்புகிறேன். பாதி வழியில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றுப்பாலம் ஒன்று குறுக்கிடுகிறது. திட்டமிடுவதை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பாலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். புறப்படும் நேரம், எந்தக் கரையில் எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் முதலில் முடிவு செய்துவிட்டுப் பாலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களே அதிகம். மற்ற இடங்களில் ஒரு சாலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த சாலைக்குத் திரும்பிவிடலாம். பெரிய ஆற்றில் அந்த வசதி கிடையாது. அடுத்த பாலம் 30, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடும். அப்படியானால் 120 கிலோமீட்டர் பயணம் 180 ஆகிவிடும் என்பதை வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தில் தெரிந்துகொள்வது வேறு, களைத்துப்போய் பாலத்தின் வாயிலில் நின்று தெரிந்துகொள்வது வேறு.

முதலில் உறுதி செய்ய வேண்டியது, அந்தப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பது. விரைவுச் சாலையைத் தாங்கும் பாலங்கள் பலவற்றில் அனுமதி இல்லை. அனுமதி இல்லாத இடத்திலும் சில வேளைகளில் மாற்று ஏற்பாடு இருக்கும். கனடாவில் நீரிணை ஒன்றைக் கடக்கும் 12.9 கிலோமீட்டர் நீளக் கான்ஃபெடரேஷன் பாலத்தில் சைக்கிள் ஓட்ட முடியாது. ஆனால் ஓட்டுபவரையும் சைக்கிளையும் வண்டியில் ஏற்றி மறுகரை சேர்க்கும் சேவை உண்டு. அத்தகைய வண்டிக்காகக் காத்திருக்கும் நேரமும் பயணக் கணக்கில் சேர வேண்டும்.

அடுத்தது, அனுமதி உண்டென்றால் எந்த வகையில் என்பது. இங்கிலாந்தின் ஹம்பர் பாலத்தில் (1981இல் திறக்கப்பட்டது, கோபுரங்களுக்கு இடையே 1,410 மீட்டர்) நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் சாலையை ஒட்டித் தனிப்பாதை அமைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் 1966இல் திறக்கப்பட்ட அஸ்டோரியா–மெக்லர் பாலம் இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் நீளமுள்ள அதில் தனிப்பாதை கிடையாது. குறுகலான ஓரத்தில், லாரிகளுக்குப் பக்கத்தில்தான் ஓட்ட வேண்டும். வடக்கிலிருந்து வருபவருக்குப் பெரும்பகுதி தண்ணீரை ஒட்டியே தாழ்வாகப் போய்விட்டு, கப்பல்கள் புகுவதற்காக உயர்த்திக் கட்டிய ஏற்றம் தெற்கு முனையில், கால்கள் சோர்ந்த பிறகு வந்து சேரும். இரண்டுமே சைக்கிளுக்கு அனுமதியுள்ள பாலங்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஓட்டுபவருக்கு அவை இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

தனிப்பாதை இருந்தால், அதற்குள் நுழையும் வழி எங்கே என்று கட்டாயம் பாருங்கள். பாதை பாலத்தின் ஒரே பக்கத்தில் மட்டும் இருக்கலாம்; அதை அடையப் பாலத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஏற வேண்டியிருக்கலாம்; சில இடங்களில் படிக்கட்டில் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டியும் வரும். செயற்கைக்கோள் படத்தில் பாலத்தின் இரு முனைகளையும் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இதில் பெரும்பகுதி தெளிவாகிவிடும். திறந்திருக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஹட்சன் ஆற்றின் மேல் 1889இல் ரயிலுக்காகக் கட்டப்பட்டு, 2009 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் பயன்படும் 'வாக்வே ஓவர் தி ஹட்சன்' பாலம் பொழுது சாய்ந்தால் மூடப்பட்டுவிடும். திரும்பி வரும்போது அதைக் கடக்கலாம் என்று எண்ணியிருப்பவர், மாலையில் ஒரு மணி நேரம் பிந்தினால் தவறான கரையில் நிற்பார். பராமரிப்பு வேலைக்காகப் பாதை அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பாலத்தை நிர்வகிப்பவர்களின் அறிவிப்பில் முந்தின நாள் மாலையே பார்த்துவிடுங்கள். பாலத்தின் வண்ணப்பூச்சு வேலை மாதக்கணக்கில் நீள்வது உண்டு.

இவை தெரிந்த பிறகுதான் மற்ற கணக்குகள். மொத்தத் தூரத்தை உங்கள் வழக்கமான வேகத்தால் வகுத்து நேரம் சொல்லாதீர்கள். ஓய்வு, சாப்பாடு, பஞ்சர், வழி தேடல் எல்லாம் சேர்த்தால் சராசரி வெகுவாக இறங்கும். நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கான 'பிரெவே' பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள்; மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் முறை போகும் உங்களுக்கும் அந்த 15 நல்ல கணக்கே. 120 கிலோமீட்டருக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, பாலத்தைக் கடக்கும் நேரத்தை முதலில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நேரத்தைத் தீர்மானியுங்கள்.

கேள்வி: சாலையில் இலேசாக இருந்த காற்று, பாலத்தில் ஏறியதும் என்னைச் சைக்கிளோடு தள்ளப் பார்த்தது. வானிலை அறிவிப்பில் காற்று மிதம் என்றே இருந்தது. அதை எப்படி முன்கூட்டிக் கணிப்பது? அதில் எப்படி ஓட்டுவது?

பதில்: அறிவிப்பு பொய் சொல்லவில்லை. வானிலை அறிவிப்பில் காணும் காற்றின் வேகம் திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கு உரியது. சாலையில் மரங்களும் கட்டடங்களும் அதைத் தடுப்பதால் நீங்கள் உணர்வது அதைவிடக் குறைவு. பாலத்தின் தளமோ 40, 50 மீட்டர் உயரத்தில், கீழே தடையே இல்லாத நீர்ப்பரப்பின் மேல் நிற்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். இரு கரைகளும் உயர்ந்த பள்ளத்தாக்கில் ஆறு ஓடுகிறதென்றால், காற்று அந்த வழியிலேயே ஒடுங்கி விரைவதும் உண்டு. ஆகவே அறிவிப்பில் உள்ள சராசரி வேகத்தை விட்டுவிட்டு, வீச்சுக் காற்றின் (இடையிடையே திடீரென ஓங்கி வீசும் காற்றின்) வேகம் என்று தனியாகத் தரப்படும் எண்ணைப் பாருங்கள். அது மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும் நாளில், தடுப்பு இல்லாத உயரமான பாலத்தில் நான் ஏற மாட்டேன். புதியவர்கள் 40லேயே நிறுத்திக்கொள்வது நல்லது. உயரமான லாரிகளுக்குப் பாலத்தில் தடை போட்டிருக்கிறார்கள் என்றால் அதற்குமேல் யோசிக்கத் தேவையே இல்லை.

வேகத்தைவிடத் திசை முக்கியமானது. வரைபடத்தில் பாலம் எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்த்து, அதனோடு காற்றின் திசையை ஒப்பிடுங்கள். மேற்குக் காற்று என்பது மேற்கிலிருந்து வருவது. தெற்கு வடக்காகக் கிடக்கும் பாலத்தில் அது முழுப் பக்கக்காற்று, கிழக்கு மேற்காகக் கிடப்பதில் எதிர்க்காற்று அல்லது பின்காற்று. எதிர்க்காற்று களைப்பைத் தரும், பக்கக்காற்று ஆபத்தைத் தரும். உள்நாட்டுப் பகுதிகளில் அமைதியான வானிலை உள்ள நாட்களில் விடியற்காலையில் காற்று அடங்கியிருந்து, நிலம் சூடேறிய பிறகு பிற்பகலில் வலுப்பது வழக்கம். கடலை ஒட்டிய முகத்துவாரங்களில் முற்பகலிலேயே கடற்காற்று தொடங்கிவிடும். பாலத்தைக் காலையிலேயே கடந்துவிடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுவே காரணம்.

எதிர்க்காற்றின் விலையையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் எதிர்ப்பு, அதற்கும் நமக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவர், 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றிலும் அதே 25ஐப் பிடிவாதமாகக் காப்பாற்ற நினைத்தால் அவர் முட்டுவது 40 கிலோமீட்டர் காற்றோடு. எதிர்ப்பு இரண்டரை மடங்கு. அதனால் கியரைக் குறைத்து, வேகம் குறைவதை ஒப்புக்கொண்டு, மூச்சு சீராக இருக்கும்படி மட்டும் ஓட்ட வேண்டும். போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளிவிடும், கணக்கு நேராகிவிடும் என்று நம்புவதும் சரியல்ல. போக 50, வர 50 என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாமல் 25இல் ஓட்டினால் 4 மணி நேரம். போகும்போது 20, வரும்போது 30 என்றால் 4 மணி 10 நிமிடம். காற்று வலுக்க வலுக்க அந்த வித்தியாசம் விரிந்துகொண்டே போகும். எனினும் எதிர்க்காற்றைப் போகும்போது வாங்கிக்கொள்வதே மேல், ஏனெனில் களைத்த கால்களுக்குத் திரும்பும் வழியில் உதவி தேவைப்படும்.

பக்கக்காற்றில் ஓட்டும் முறை பேச எளிது, செய்யக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். இரு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். ஆனால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், முழங்கைகள் தளர்ந்திருக்கட்டும். உடலைத் தாழ்த்துங்கள். காற்று உங்களைத் தள்ளும் பக்கத்தில் ஒரு மீட்டராவது இடம் விட்டு ஓட்டுங்கள். பாலத்தின் கோபுரத்தைக் கடக்கும்போது தனிக் கவனம் தேவை. அதன் மறைவில் காற்று திடீரென நின்றுவிடும். அதுவரை காற்றின் மேல் சாய்ந்தே ஓட்டிவந்த நீங்கள் அந்தப் பக்கமே சாய்வீர்கள். நிமிர்ந்துகொள்வதற்குள் கோபுரம் முடிந்து காற்று மறுபடி அறையும். லாரி கடக்கும்போது நடப்பதும் இதுவே. காற்று சாலைப் பக்கத்திலிருந்து வருமானால், லாரி அதை மறைக்கும் அந்த நொடியில் சைக்கிள் லாரியை நோக்கி விலகும். இந்த ஒன்றுக்காகவே, பெருங்காற்று நாளில் தனிப்பாதை இல்லாத பாலத்தைத் தவிர்க்க வேண்டும் என்பேன். ஆழமான விளிம்புள்ள சக்கரங்கள் பார்க்க அழகானவைதான். முன்சக்கரம் அப்படி இருந்தால் பக்கக்காற்று ஹேண்டில்பாரையே திருப்பும். பாலம் உள்ள பயணத்துக்குச் சாதாரணச் சக்கரமே போதும்.

கேள்வி: பாலத்தில் குறுக்கே வரும் இரும்பு இணைப்புகளில் ஒன்றில் டயர் சிக்கி விழப் பார்த்தேன். அவை எதற்காக? எப்படிக் கடப்பது?

பதில்: வெப்பத்தில் பாலம் நீள்வதற்காக விட்ட இடைவெளிகள் அவை. உருக்கு, ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரிகிறது. கேட்கச் சிறியதாகத் தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டர் உருக்குத் தளம் குளிர் நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடையே 40 பாகை மாறினால் 48 சென்டிமீட்டர் நீளும். அந்த அரை மீட்டரை எங்காவது வைத்தாக வேண்டும். பெரிய பாலங்களில் இரு பக்கத் தளங்களின் விளிம்பிலும் இரும்புப் பற்களைப் பொருத்தி, கைவிரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி செய்திருப்பார்கள். காரின் அகன்ற டயருக்கு அது ஒரு சத்தம் மட்டுமே. பற்களின் இடைவெளி நாம் போகும் திசையிலேயே நீண்டிருப்பதுதான் நமக்குச் சிக்கல். 23 மில்லிமீட்டர் டயர் அதற்குள் இறங்கினால் சக்கரம் நின்றுவிடும். 32 மில்லிமீட்டர் அல்லது அதைவிட அகலமான டயரில் இந்தக் கவலை பெரிதும் குறைகிறது. நெடும்பயணத்துக்கு அது பொதுவாகவே வசதியானது.

தனிப்பாதையில் பெரும்பாலும் பற்கள் இருக்காது. அவற்றின் மேல் ஒரு தகடு போட்டு மூடியிருப்பார்கள். தகட்டின் ஒரு விளிம்பு விரல் தடிமனுக்கு மேலெழும்பி நிற்கும், பலருடைய டயர் தேய்ந்து தேய்ந்து அதன் நடுப்பகுதி பளபளப்பாகியிருக்கும். மழைத்துளி விழுந்த பளபளப்பான இரும்பு வழுக்குவதில் பனிக்கட்டிக்கு அடுத்தபடி. இணைப்பு எதுவாயினும் கடக்கும் முறை ஒன்றே: வருவதற்குப் பத்து மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், இணைப்புக்குச் செங்குத்தாக நேராகப் போங்கள், பெடல்களைச் சமமட்டத்தில் நிறுத்தி, இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்கால்களை மடக்கிக் கடந்து செல்லுங்கள். இரும்பின் மேல் இருக்கும்போது பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் கூடாது. எழாமல் உட்கார்ந்தபடியே விளிம்பில் மோதினால் டியூப்பில் இணையாக இரண்டு சிறு துளைகள் விழும். காற்றுக் குறைவான டயரில் இது நிச்சயம். புறப்படும் காலையில் காற்றழுத்தத்தைப் பார்க்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

கேள்வி: உயரம் என்றாலே எனக்கு நடுக்கம். நண்பர்கள் அழைக்கும் பயணத்தில் உயரமான பாலம் இருக்கிறது. போகலாமா?

பதில்: நடுக்கம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பயணத்துக்கு முன் ஒரு நாள் அந்தப் பாலத்திலோ, அதுபோன்ற வேறொன்றிலோ நடந்து பாருங்கள். முதலில் முதல் தூண் வரை, பிறகு நடுப்பகுதி வரை. தலை சுற்றாமல் நடக்க முடிந்தால் ஓட்டவும் முடியும். ஓட்டும்போது கைப்பிடிச் சுவரை ஒட்டாமல் பாதையின் உட்பக்கமாகச் செல்லுங்கள். பார்வை 20, 30 மீட்டர் முன்னால் தளத்தின் மேலேயே நிற்கட்டும். சுவரின் கம்பிகளைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போனால் அவை ஓடுவதுபோல் தோன்றி மயக்கம் வரும். நண்பர் ஒருவர் முன்னால் போவது மிகவும் உதவும், அவருடைய பின்சக்கரத்தைப் பார்த்தே கடந்துவிடலாம். தொங்கு பாலத்தில் கனரக வண்டி போகும்போது தளம் அசைவது இயல்பு. அசையும்படிதான் அதைக் கட்டியிருக்கிறார்கள். நடந்து பார்த்ததிலேயே தலை சுற்றினால் அந்தப் பகுதிக்கு மட்டும் வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நான், என் மைத்துனர், அவருடைய நண்பர்கள் இருவர் என நால்வர் போகிறோம். மைத்துனர் மிக வேகமாக ஓட்டுவார். பாலத்தில் எப்படி ஒன்றாகச் செல்வது?

பதில்: ஒன்றாகச் செல்லாதீர்கள். பாலத்துக்கு முன்பு ஓர் இடத்தில் நால்வரும் சேர்ந்து, தண்ணீர் குடித்து, பாலத்தில் ஒருவர் பின் ஒருவராக, இடையில் நான்கு சைக்கிள் நீளம் விட்டு ஏறுங்கள். சாலையில் ஒருவர் சக்கரத்தை ஒட்டி ஒருவர் போவது எதிர்க்காற்றில் மிச்சம் பிடிக்கும் நல்ல வழிதான். பக்கக்காற்று வீசும் பாலத்தில் ஒருவர் தடுமாறினால் நால்வரும் விழ அதுவே வழி. மைத்துனர் முன்னால் போகட்டும். ஆனால் அவர் காத்திருக்க வேண்டிய இடம் பாலத்தின் முனை அல்ல, இறக்கம் முழுவதும் முடிந்து சாலை சமமாகும் இடம். அந்த இடத்தின் பெயரைப் புறப்படும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்கும் ஆசை யாருக்காவது இருந்தால், தனிப்பாதையில் அதற்கென்று அகலமாக விட்ட இடத்தில் மட்டும்.

கேள்வி: பாலத்தின் ஏற்றத்துக்காகத் தனிப் பயிற்சி தேவையா? உணவையும் நீரையும் எப்படிப் பங்கிடுவது?

பதில்: தனிப் பயிற்சி தேவையில்லை. 50 மீட்டர் உயரத்துக்கு 5 சதவீதச் சரிவில் ஏறினால் ஏற்றத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். சிறிய கியரில் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தேவைப்படுவது தூரத்துக்கான பயிற்சியே. வாரத்துக்கு ஒருமுறை ஓட்டும் நீண்ட தூரத்தை ஒவ்வொரு முறையும் 10 கிலோமீட்டர் அளவில் கூட்டி, 90ஐ வலியில்லாமல் முடிக்க முடிந்தால் 120 எட்டும் தூரமே. முதல் மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான அளவு. வெயிலில் தண்ணீர் கூடும். பாலத்துக்கு முன் தண்ணீர்க் குப்பிகளை நிரப்பிக்கொள்ளுங்கள், அதன் மேல் நிரப்ப வழி இருக்காது. சாப்பாட்டையும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. காற்றில் ஒரு கையை எடுத்துப் பொட்டலத்தைப் பிரிப்பது நல்ல யோசனை அல்ல.

கேள்வி: பாலத்தின் நடுவில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

பதில்: தனிப்பாதை இல்லாத பாலமென்றால் அங்கே நின்று சரிசெய்ய முயலாதீர்கள். பின்விளக்கை எரியவிட்டு, நடக்க அனுமதியும் இடமும் இருந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முனை வரை போய்விடுங்கள். நடக்க இடமில்லை என்றால் காற்றிறங்கிய டயரிலேயே மெதுவாக ஓட்டியாவது வெளியேறுங்கள். டயரும் விளிம்பும் கெடலாம், பரவாயில்லை. நகரவே முடியாத நிலையில் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

தனிப்பாதை இருந்தால் அகலமான இடம் வரும்வரை தள்ளிச் சென்று, கோபுரத்தின் காற்று மறைவில் நின்று வேலையைத் தொடங்கலாம். கழற்றும் சிறு பொருட்களைத் தரையில் வைக்காமல் பைக்குள் வையுங்கள். தளத்தின் இடுக்கு வழியாக வால்வு மூடியும் டயர் நெம்பியும் நேராக ஆற்றுக்குள் போய்விடும். வாகனங்கள் ஒதுக்கித் தள்ளும் குப்பை பாலத்தின் ஓரத்தில் போக இடமில்லாமல் தங்கிவிடுவதால், அங்கே பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம், வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய இரும்புக் கம்பித் துண்டு. முடியளவே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பழைய டியூப்பில் காற்றடித்துத் துளை எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதற்கு நேரான இடத்தில் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்தால் நூல் மாட்டிக்கொள்ளும். அந்தக் கம்பியை எடுக்காமல் புதிய டியூப்பைப் போட்டால், மறுகரை வருவதற்குள் அதுவும் இறங்கிவிடும்.